அப்பா வாங்கிய செம்பு பாய்லர்: விறகில் குளிக்கத் தண்ணீர் காய்ச்சுவது சரிதானா?

பனிமூட்டம் (கோத்தகிரி), டிசம்பர் 3

எல்லோருக்கும் வணக்கம். கோத்தகிரிக்குப் பக்கத்தில் இருக்கிறோம். ஒன்றரை ஏக்கர் தேயிலை, ஓட்டு வீடு. அம்மா, நான், மனைவி, ஏழாவது படிக்கும் மகள் என்று வீட்டில் நான்கு பேர். சமையலுக்கு காஸ் வந்து பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் குளிக்கிற தண்ணீர் இன்றைக்கும் விறகு பாய்லரில்தான் காய்கிறது. 1987இல் அப்பா மேட்டுப்பாளையத்தில் வாங்கி, பஸ் கூரையில் கட்டிக் கொண்டுவந்த செம்பு பாய்லர். நடுவில் தீ ஏறும் குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், அடியில் கம்பிச் சல்லடை, அதற்குக் கீழே சாம்பல் தட்டு. அடுக்களைக்குப் பின்னால் ஒரு தகரச் சாய்ப்பில் நிற்கிறது.

அப்பா இருந்தவரை ஐந்தரைக்கு அவர்தான் மூட்டுவார். அவர் போய் ஆறு வருடம் ஆகிறது. இப்போது அம்மா மூட்டுகிறார். மூட்டிவிட்டு அங்கேயே ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து குளிர் காய்வார். டிசம்பரில் இங்கே விடியற்காலை எப்படி இருக்கும் என்று மலையில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இடத்தை விட்டு அவரை எழுப்ப எனக்கு மனமே வராது.

பிரச்சினை இப்போதுதான் என் கண்ணில் பட்டது. எங்கள் வீடு சரிவில் இருக்கிறது. எங்கள் புகைபோக்கியின் வாயும் மேல் வீட்டு முற்றமும் ஏறக்குறைய ஒரே மட்டம். அந்த வீட்டில் அக்டோபரில் குழந்தை பிறந்தது. போன வாரம் அந்தப் பெண் வந்து, கோபமே இல்லாமல், "அண்ணா, பாப்பா துணியெல்லாம் புகை வாசம் அடிக்குது, காலையில ஜன்னல் திறக்க முடியல" என்றார். மறுநாள் ஆறரை மணிக்கு மேலே ஏறிப் போய் நின்று பார்த்தேன். காற்று அசையவே இல்லை. புகை மேலே ஏறாமல் முற்றத்தில் ஒரு துணி விரித்தமாதிரி படுத்துக் கிடந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுக்க அப்படித்தான். எத்தனையோ வீட்டுப் புகை. இத்தனை வருடம் அதைப் பனி என்றே நினைத்திருக்கிறேன்.

விறகு இயற்கையானது, மரம் வளரும்போது எடுத்த கரியமில வாயுவைத்தான் எரியும்போது திருப்பிக் கொடுக்கிறது, அதனால் கெடுதல் இல்லை என்பதுதான் இதுவரை என் நம்பிக்கை. அது எவ்வளவு சரி என்று இப்போது தெரிந்துகொள்ள வேண்டும்.

கணக்கு இல்லாமல் கேட்டால் பதிலும் பொத்தாம்பொதுவாக வரும் என்று, ஒரு வாரம் தேயிலை நிறுக்கிற தொங்கு தராசில் விறகை நிறுத்துப் பார்த்தேன். குறைந்தது 6 கிலோ, அதிகம் எட்டேகால். சராசரி 7 கிலோ ஒரு நாளைக்கு. தண்ணீர் நான்கு பேருக்கும் சேர்த்து, கலந்த பிறகு, சுமார் 80 லிட்டர். தொட்டித் தண்ணீர் காலையில் 15 டிகிரி இருந்தது. குளிக்கிற சூடு 42. விறகு பெரும்பாலும் சீகை (வாட்டில் மரம்), கொஞ்சம் கற்பூர மரம் (யூகலிப்டஸ்). நம் வேலியோரத்தில் விழுந்தது பாதி, மீதி பிக்கப் வண்டியில் வாங்குவது. நான்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேயிலையைக் கவ்வாத்து பண்ணும்போது, அதாவது செடியை வெட்டிக் குறைக்கும்போது, மிலாறும் (வெட்டின குச்சிகள்) கிடைக்கும்.

பாய்லரை எடுத்துவிட்டு கீசர் போடுவதா, சோலாரா, அல்லது இதையே சரிசெய்ய முடியுமா? கீசர் என்றால் நம் மலையிலேயே பைக்காரா, குந்தா என்று நீர்மின்சாரம் எடுக்கிறார்களே, அது சுத்தம்தானே? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பழைய பணிமனை (கோவை), டிசம்பர் 3

தம்பி, தராசில் நிறுத்துவிட்டுக் கேள்வி கேட்டதற்கு முதலில் நன்றி. முப்பது வருடம் தொழிற்பயிற்சி நிலையத்தில் பாடம் எடுத்தவன் நான். எண்ணோடு வருகிற கேள்வியைக் கண்டால் எனக்கு உட்கார முடியாது.

ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி ஏற்ற ஒரு கிலோ கலோரி வேண்டும். உங்களுக்கு 80 லிட்டர், 27 டிகிரி. 2,160 கிலோ கலோரி. மின்சாரக் கணக்கில் சொன்னால் இரண்டரை யூனிட். உங்கள் குடும்பம் குளிக்க உண்மையில் தேவைப்படும் சூடு அவ்வளவுதான்.

நன்றாகக் காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 3,600 கிலோ கலோரி இருக்கிறது. அப்படிப் பார்த்தால், ஒரு துளி வீணாகாமல் எரித்தால், 600 கிராம் விறகு போதும். நீங்கள் 7 கிலோ எரிக்கிறீர்கள். மீதி எங்கே போகிறது என்பதுதான் இங்கே கேள்வியே.

முதல் திருடன் ஈரம். வெட்டி மூன்று நான்கு மாதத்தில், அதுவும் பனியும் மழையும் உள்ள ஊரில், சீகைக் கட்டையில் நூற்றுக்கு நாற்பது பங்கு தண்ணீர் இருந்தால் ஆச்சரியமில்லை. 7 கிலோவில் 2.8 கிலோ தண்ணீர். குளிக்கிற தண்ணீரைச் சூடாக்கும் முன், கட்டைக்குள் இருக்கும் அந்தத் தண்ணீரை ஆவியாக்கி வெளியே அனுப்புகிறீர்கள். ஈரக் கட்டை ஒரு கிலோவுக்குச் சுமார் 2,400 கிலோ கலோரிதான் மிஞ்சும். ஆனால் பெரிய நஷ்டம் அதுவும் இல்லை. ஈரம் தீயைக் குளிர வைக்கிறது. விறகு முதலில் எரிவதில்லை, சூட்டில் வாயுவாகக் கிளம்புகிறது, அந்த வாயுதான் சுடராக எரிகிறது. போதிய சூடும் காற்றும் இல்லாவிட்டால் அந்த வாயு எரியாமலே போகிறது. புகை என்று நாம் சொல்வது அதைத்தான். எரிந்திருக்க வேண்டிய விறகு, எரியாமல் மேல் வீட்டு முற்றத்தில் படுத்துக் கிடக்கிறது.

உங்கள் 7 கிலோ ஈர விறகில் உள்ள சூட்டையும் தண்ணீர் வாங்கிக்கொண்டதையும் வகுத்தால், நூற்றுக்குப் பதின்மூன்று. மூன்று கல் அடுப்பின் கணக்கு இது. நடுக்குழாய் வைத்த செம்பு பாய்லருக்கு இது ரொம்பக் குறைச்சல். அந்தப் பாத்திரத்தின் அமைப்பு நல்ல அமைப்பு. தீ நடுவில், தண்ணீர் சுற்றிலும். காய்ந்த விறகு போட்டு, குழாயைக் கரி இல்லாமல் வைத்தால் இரட்டிப்பாக்கலாம்.

இப்போது கரியமில வாயு. ஒரு கிலோ உலர்ந்த மரம் முழுதாக எரிந்தால் சுமார் 1.8 கிலோ வரும். உங்கள் விறகில் ஈரத்தைக் கழித்தால் 4.2 கிலோ மரம், ஆகவே தினம் ஏழரை கிலோவுக்கு மேல். கீசர் போட்டால், தொட்டி இழப்பையும் சேர்த்து 2.8 யூனிட். நீர்மின்சாரம் பற்றிக் கேட்டீர்கள். பைக்காரா மின்சாரம் தனிக் கம்பியில் உங்கள் வீட்டுக்கு வருவதில்லை, எல்லா மின்சாரமும் ஒரே மின்கம்பி வலையில் கலந்துதான் வருகிறது. நாட்டுச் சராசரி, யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. முக்கால்வாசி நிலக்கரி. ஆக கீசருக்கு இரண்டு கிலோ. காஸ் என்றால் தினம் கால் கிலோ காஸ் போகும், முக்கால் கிலோ கரியமில வாயு. மாதம் அரை சிலிண்டர்.

"விறகு திருப்பிக் கொடுக்கிறது" என்ற உங்கள் நம்பிக்கை பொய் இல்லை, ஆனால் ஒரு நிபந்தனை இருக்கிறது. வெட்டிய மரத்துக்குப் பதில் இன்னொன்று வளர்ந்து, அதே அளவு கரியமில வாயுவை எடுத்து முடித்தால்தான் கணக்கு நேராகும். கவ்வாத்து மிலாறும் வேலியோரத்தில் விழுந்த கிளையும் அப்படிப்பட்டவை. பிக்கப் வண்டியில் வருவது எங்கே வெட்டினது என்று கேட்டிருக்கிறீர்களா? சோலைக் காட்டிலிருந்து வந்த மரம் என்றால் அது உங்கள் மகள் காலத்திலும் திரும்பாது. அப்புறம், மரம் வளர்ந்து கரியமில வாயுவைத்தான் திருப்பி எடுக்கும். எரியாமல் போன மீத்தேன், கார்பன் மோனாக்சைடு, கரித்துகள் இவற்றை எந்த மரமும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. கரித்துகள் சில நாள், சில வாரம்தான் காற்றில் இருக்கும், ஆனால் இருக்கிற வரை வெயிலை உறிஞ்சி காற்றைச் சூடாக்கும்.

என் முடிவு: பாய்லரைத் தூக்கிப் போடாதீர்கள். விறகைக் காயவையுங்கள். சோலாரை அதற்கு முன்னால் வையுங்கள். எப்படி என்று கேட்டால் எழுதுகிறேன்.


செவிலி அக்கா (விழுப்புரம்), டிசம்பர் 4

கணக்கு எழுதிய அண்ணன் சொன்னதெல்லாம் சரி. ஆனால் எனக்குக் கேள்வியைப் படித்ததும் கண்ணில் நின்றது வேறு. அம்மா பலகை போட்டு உட்கார்ந்திருக்கும் இடம்.

தம்பி, உங்கள் அம்மாவுக்கு இருமல் இருக்கிறதா? காலையில் சளி வருகிறதா? மேடேறும்போது நிற்கிறார்களா? இதை நீங்கள் எழுதவே இல்லை. நான் இருபத்திரண்டு வருடமாக ஆரம்பச் சுகாதார மையங்களில் வேலை செய்கிறேன். வாழ்நாளில் பீடியைத் தொடாத பாட்டிகள், பீடி பிடித்த தாத்தாக்களுக்கு வரும் அதே நுரையீரல் அடைப்பு நோயோடு வந்து உட்காருவார்கள். எத்தனை வருடமாக இருமல் என்று கேட்டால், "அது எப்பவும் இருக்கறதுதானே" என்பார்கள். அவர்களுக்கு அது நோயாகவே தெரியாது.

வீட்டுப் புகையால் 2020இல் மட்டும் உலகத்தில் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதில் இரண்டு லட்சத்துக்கும் மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மேல் வீட்டுப் பாப்பாவுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது. அந்த நுரையீரல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

எங்கள் மாவட்டத்திலும் நாகப்பட்டினத்திலும் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. இந்தியா, குவாத்தமாலா, பெரு, ருவாண்டா நான்கு நாட்டிலும் 3,200 கர்ப்பிணிகள். பாதிப்பேருக்கு காஸ் அடுப்பும் சிலிண்டரும் கொடுத்தார்கள், மீதிப்பேர் விறகில் தொடர்ந்தார்கள். 2022இல் முடிவு வந்தது. பிறந்த குழந்தையின் எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. அதை மறைக்கக் கூடாது, எனக்கும் அது ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பெண்கள் மூச்சில் இழுத்த நுண்துகள், கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராமை ஒட்டி இருந்தது, காஸ் வந்த வீடுகளில் 24க்கு இறங்கியது. மூன்றில் ஒரு பங்கு. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வருடச் சராசரி வரம்பு 5.

இன்னொன்று. "வீட்டில் சமையல் எதில்?" என்று கணக்கெடுப்பில் கேட்கும்போது உங்கள் வீடு காஸ் வீடு என்றுதான் பதிவாகும். என் பக்கத்திலும் அப்படித்தான். சமையலறையில் காஸ், பின்பக்கம் வெந்நீர் அண்டா. மாட்டுக்குத் தவிடு காய்ச்சுவதும் அங்கேதான். அந்தப் பின்பக்க அடுப்பைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நாமும் அதை அடுப்பாகவே நினைப்பதில்லை.

மூட்டும்போது என்ன போடுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். பால் கவர், பழைய ரப்பர் செருப்பு, டயர்த் துண்டு போட்டால் சட்டென்று பிடிக்கும் என்று நிறைய பேர் செய்கிறார்கள். தயவுசெய்து அதை இன்றைக்கே நிறுத்துங்கள். பிளாஸ்டிக் புகையில் டயாக்சின் போன்ற விஷங்கள் இருக்கின்றன, அவை உடம்பில் சேர்ந்தால் எளிதில் போகாது. அந்தச் சாம்பலைச் செடிக்கும் போடக் கூடாது.

சாய்ப்பு மூடிய இடமா, திறந்த இடமா? குளிக்கிற அறைக்குள் பாய்லர் வைத்து, குளிருக்குக் கதவையும் ஜன்னலையும் சாத்திவிட்டால், கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் ஆளை எடுத்துவிடும். தலைவலி, தலைசுற்றல், வாந்தி வருவதுபோல் இருந்தால் உடனே வெளிக்காற்றுக்கு வந்துவிட வேண்டும். காஸ் கீசர் போட்டாலும் இதே எச்சரிக்கைதான், எந்திரம் குளியலறைக்கு வெளியே இருக்கட்டும்.


பனிமூட்டம், டிசம்பர் 4

அக்கா, நீங்கள் கேட்ட பிறகுதான் யோசித்தேன். அம்மாவுக்கு 68 வயது. காலையில் இருமல் இருக்கிறது. ஐந்தாறு வருடமாக இருக்கிறது. அதாவது அவர் பாய்லர் மூட்ட ஆரம்பித்ததிலிருந்து. இதை எழுதும்போது கை நடுங்குகிறது. பனியால் என்று நானே அவரிடம் சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறேன்.

சாய்ப்பு மூன்று பக்கம் மூடியது. நாலாவது பக்கம் திறந்திருக்கும், ஆனால் குளிர்காலத்தில் சாக்கு தொங்கவிடுவோம்.

பால் கவர், ஆமாம், போட்டிருக்கிறோம். நீலகிரியில் பிளாஸ்டிக்குக்கு இத்தனை கட்டுப்பாடு இருந்தும், வீட்டுக்குள் வந்துவிட்ட கவர் பாய்லருக்குள்தான் போயிருக்கிறது. இன்றிலிருந்து இல்லை. சாம்பலைத் தேயிலைக்குப் போடுவதில்லை. தேயிலைக்குப் புளிப்பு மண் வேண்டும், சாம்பல் அதைக் கெடுக்கும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். பீன்ஸ் பாத்திக்குத்தான் போட்டேன். அதையும் நிறுத்துகிறேன்.

பழைய பணிமனை ஐயா, சோலார் விஷயம் எழுதுங்கள். பனி மூடின ஊரில் அது வேலை செய்யுமா என்பதுதான் இங்கே எல்லோரும் கேட்கிற கேள்வி.


மலைநாட்டுப் பிள்ளை (ஹட்டன்), டிசம்பர் 5

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். மிலாறு, கவ்வாத்து என்று படித்ததும் எங்கள் தோட்டம்தான் ஞாபகம் வந்தது. நாங்களும் அதே சொல்தான் சொல்வோம்.

லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்) அடுப்பு உள்ளுக்குள்தான். சுடுதண்ணியும் அங்கேதான் வைக்கிறது. சுவர், கூரை எல்லாம் கறுப்பு. என் அம்மா கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து காஸ் அடுப்பு வாங்கினார். 2022இல் காஸ் இல்லாமல் போனபோது, வெறும் சிலிண்டரோடு வரிசையில் நின்றுவிட்டு, மறுபடி விறகுக்கே திரும்பினோம். அதனால் ஒன்று மட்டும் சொல்ல ஆசை. பாய்லரைக் கழற்றி விற்றுவிட வேண்டாம் அண்ணன். ஒரே ஒரு வழியை நம்பி இருந்தால் அது அடைபடும் நாளில் பிள்ளைகளுக்குப் பச்சைத் தண்ணீர்தான்.

மிலாறு பற்றி: மெல்லிசாக இருப்பதால் சீக்கிரம் காயும், சுடர் விட்டு எரியும். கட்டைக்கு முன் அதைத்தான் வைக்க வேண்டும். கட்டுக்கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேல் பரணில் வைப்போம்.


பழைய பணிமனை (கோவை), டிசம்பர் 6

சோலார் பற்றி.

பனி மூட்டமும் குளிரும் ஒன்றில்லை. உங்கள் ஊரில் தண்ணீர் தொட முடியாத நாட்கள் எவை? டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி. அப்போது வானம் எப்படி இருக்கும்? துடைத்து வைத்த மாதிரி இருக்கும். இரவில் மேகம் இல்லாததால்தான் தரையின் சூடு மேலே போய் ஊட்டிப் பக்கம் உறைபனி விழுகிறது. அதே மேகமில்லாத வானம் பகலில் நல்ல வெயிலைக் கொடுக்கும். ஆகவே சோலார் அதிகம் தேவைப்படும் மாதத்தில்தான் நன்றாக வேலை செய்யும். கண்ணாடிக் குழாய் வகை வாங்குங்கள். இரட்டைச் சுவர், நடுவில் காற்றே இல்லாத வெற்றிடம், ஃபிளாஸ்க் மாதிரி. வெளியே குளிராக இருந்தாலும் உள்ளே வாங்கிய சூடு வெளியே போகாது. மலைத் தண்ணீரில் உப்பும் குறைவு, எங்கள் ஊர் போர் தண்ணீர் மாதிரி குழாயில் உப்புப் படியாது.

மழைக்காலத்தில் சிரமம்தான். கோத்தகிரிக்கு வடகிழக்குப் பருவமழை அதிகம் என்பதால் அக்டோபர், நவம்பரில் கை கொடுக்காத நாட்கள் நிறைய இருக்கும். ஆனால் அப்போதும் அது சும்மா இருக்காது. 15 டிகிரித் தண்ணீரை 28க்கு ஏற்றிக் கொடுத்தாலே உங்கள் பாய்லருக்குப் பாதி வேலை முடிந்தது. அதனால்தான் பாய்லருக்கு முன்னால் வையுங்கள் என்றேன். தொட்டியிலிருந்து சோலார், சோலாரிலிருந்து பாய்லர். சூடு போதுமான நாளில் தீ மூட்டாமல் அப்படியே குளித்துவிடலாம். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பாய்லரின் மேல்மூடியை இறுக்கி அடைக்கக் கூடாது, ஆவி போக வழி எப்போதும் இருக்க வேண்டும்.

சோலார் தண்ணீர் மாலையில்தான் அதிகச் சூடு. முடிந்தவர்கள் மாலையில் குளிக்கலாம். மகள் பள்ளிவிட்டு வந்து குளித்தால் காலை அவசரமும் குறையும்.


மேஸ்திரி (குன்னூர்), டிசம்பர் 6

நான் புகைபோக்கியும் பாய்லர் மேடையும் கட்டிக் கொடுக்கிறவன். படித்தவர்கள் அளவுக்கு எழுத வராது. பார்த்ததைச் சொல்கிறேன்.

பாய்லர் நடுக்குழாய்க்குள் கை விட்டுப் பாருங்கள். கரி விரல் தடிமனுக்கு இருக்கும். தார் மாதிரி பளபளப்பாக ஒட்டியிருந்தால் ஈர விறகின் வேலை. செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும், ஆனால் அந்தக் கரி கம்பளி போர்த்தின மாதிரி, சூட்டைத் தண்ணீருக்கு விடாது. அந்தத் தார் ஒருநாள் புகைபோக்கிக்குள்ளேயே தீப்பிடிக்கும். ஓட்டு வீட்டில் மரச் சட்டத்துக்குப் பக்கத்தில் குழாய் போனால் ரொம்ப ஆபத்து. வாரம் ஒருமுறை கம்பி பிரஷ் கட்டி இழுங்கள்.

புகைபோக்கி கூரை முகட்டைவிட இரண்டு அடியாவது மேலே போக வேண்டும். உங்கள் வீட்டில் மேல் வீட்டு முற்றம் மட்டத்தில் நிற்கிறது என்கிறீர்கள், அதனால் இன்னும் உயர்த்த வேண்டும். ஆனால் உயரத்தை மட்டும் கூட்டினால் புகை இடம் மாறும், குறையாது. முதலில் விறகு.

விறகை இரண்டாகப் பிளந்தால் போதாது, மணிக்கட்டுத் தடிமனுக்கு வரும்வரை பிளக்க வேண்டும். தரையில் அடுக்காமல் கல்மேல் அடுக்குங்கள். மேலே தகரம், பக்கவாட்டில் காற்று. தார்ப்பாயால் முழுக்க மூடினால் உள்ளேயே வேர்த்துப் போகும். நம் ஊர்ப் பனிக்கு ஒரு வருடம் வேண்டும். காய்ந்ததா என்று பார்க்க இரண்டு கட்டையைத் தட்டுங்கள். காய்ந்தது "டங்" என்று பேசும், ஈரம் "பொத்" என்று விழும். தராசு இருக்கிறதே, ஒரு கட்டையில் அடையாளம் போட்டு மாதா மாதம் நிறுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

கற்பூர மரத்தைக் காயாமல் போடாதீர்கள். சொந்தப் பட்டா நிலத்து மரமாக இருந்தாலும் மலைப்பகுதியில் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது, 1955ஆம் வருடச் சட்டம் இருக்கிறது. வண்டிக்காரரிடம் அனுமதிச் சீட்டு கேளுங்கள்.

சாம்பல் தட்டை தினமும் எடுங்கள். சல்லடை அடைத்திருந்தால் தீக்குக் கீழ்க்காற்று வராது.


பனிமூட்டம், டிசம்பர் 27

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

முதலில் அம்மா. டாக்டர் ஊதச் சொல்லிப் பார்த்தார். நுரையீரல் அடைப்பு தொடங்கியிருக்கிறது, ஆனால் ஆரம்பம்தான் என்றார். இன்ஹேலர் கொடுத்திருக்கிறார். புகைப்பக்கம் போகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். செவிலி அக்கா, நீங்கள் அந்த ஒரு வரியைக் கேட்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் பனியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருப்பேன். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இப்போது நான்தான் மூட்டுகிறேன். அம்மாவுக்கு இது பெரிய வருத்தம். அப்பா உட்கார்ந்த இடம் அது. இரண்டு நாள் பேசவே இல்லை. மூன்றாம் நாள் முன்வாசலில் வெயில் விழும் இடத்தில் அதே பலகையைக் கொண்டுபோய்ப் போட்டேன். எட்டு மணிக்குத்தான் வெயில் அங்கே வரும். அதுவரை போர்வைக்குள் இருக்கிறார். அங்கே தீ இல்லையே என்கிறார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

விறகு. நடுக்குழாயில் மேஸ்திரி அண்ணன் சொன்னது அப்படியே இருந்தது, கறுப்புக் கண்ணாடி மாதிரி. சுரண்டி எடுக்க ஒரு மதியம் ஆனது. கவ்வாத்து மிலாறு இரண்டு வருடமாகக் கொட்டகையில் கிடந்தது, பூச்சி வரும் என்று யாரும் தொடாமல் வைத்திருந்தோம். அதையும், கொட்டகை ஓரத்தில் பழைய சீகையையும் எடுத்து மணிக்கட்டுத் தடிமனில் பிளந்தேன். சாக்கை எடுத்துவிட்டேன். முன்பு ஒருவர் ஆறு மணிக்கும் இன்னொருவர் ஒன்பது மணிக்கும் குளிப்போம், அதுவரை தீ கனன்றுகொண்டே இருக்கும். இப்போது ஆறேகாலுக்கு நன்றாகச் சுடர் விட்டு எரியவிட்டு, ஏழரைக்குள் வரிசையாக எல்லோரும் குளித்து முடிக்கிறோம். மறுபடி நிறுத்துப் பார்த்தேன். கடந்த வாரச் சராசரி 3 கிலோ. ஐயா, உங்கள் கணக்கில் நூற்றுக்கு இருபதைத் தொடுகிறது என்று நினைக்கிறேன், சரிபாருங்கள்.

மேல் வீட்டு முற்றத்தில் மறுபடி போய் நின்று பார்த்தேன். மூட்டின முதல் பத்து நிமிடம் புகை இருக்கிறது. அதற்குப் பிறகு புகைபோக்கி வாயில் வெயிலில் அசைகிற காற்று மாதிரி ஒரு நடுக்கம் மட்டும் தெரிகிறது. அந்தப் பெண் ஜன்னல் திறந்திருந்தது. ஆனால் பள்ளத்தாக்கில் புகை அப்படியேதான் கிடக்கிறது. எங்கள் வரிசையில் மட்டும் பதினோரு பாய்லர் எண்ணினேன். பக்கத்து வீட்டு அண்ணனிடம் தராசைக் கொடுத்திருக்கிறேன், அவரும் நிறுக்கத் தொடங்கியிருக்கிறார்.

வண்டிக்காரரிடம் அனுமதிச் சீட்டு கேட்டேன். இழுத்தடித்தார். இனி அவரிடம் வாங்கப் போவதில்லை. 3 கிலோ என்றால் வருடத்துக்கு ஒரு டன்னைக் கொஞ்சம் தாண்டும், முன்பு இரண்டரை டன். வேலியோரமும் மிலாறும் ஏறக்குறைய அதற்குப் போதும்.

சோலார் 100 லிட்டர் விசாரித்தேன், இருபதாயிரத்துக்கு மேல் சொல்கிறார்கள். மார்ச்சில் இலைப் பணம் வந்ததும் போடுகிறோம் என்று முடிவு. அதுவரை ஒரு சந்தேகம்: ஓட்டுக் கூரையில் நிரம்பிய 100 லிட்டர் தொட்டியை ஏற்றினால் பழைய சட்டம் தாங்குமா, அல்லது பக்கத்தில் தனியாக இரும்புத் தாங்கி போட வேண்டுமா?


மேஸ்திரி (குன்னூர்), டிசம்பர் 27

ஓட்டு மேல் வேண்டாம். தண்ணீரே நூறு கிலோ, தொட்டி, குழாய், தாங்கி வேறு. பக்கவாட்டில் கான்கிரீட் அடி போட்டு இரும்புத் தாங்கி நிறுத்துங்கள், காற்றுக்கு நாலு பக்கமும் இழுத்துக் கட்ட வேண்டும். தெற்கு பார்த்து இருக்கட்டும், சீகை நிழல் விழாத இடமாகப் பாருங்கள். பொங்கல் கழிந்து அந்தப் பக்கம் ஒரு வேலைக்கு வருகிறேன், அப்போது இடத்தைக் காட்டுங்கள். புகைபோக்கியையும் அன்றைக்கே உயர்த்திவிடலாம், ஆறு அங்குலக் குழாய் இரண்டு நீளம் வாங்கி வையுங்கள்.